நீ நடந்து முடித்த ஓட்டம்

மகனே,

உனக்கும் பர்ஸானாவுக்கும் என் பேத்திக்கும் அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைத் தரட்டும். இங்கே நானும் வாப்பாவும் நலம். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. வாப்பாவின் தோளில் இருந்த நோவு மட்டும் இன்னும் போகவில்லை. எண்ணெய் போட்டுத் தடவினால் போதும் என்கிறார், டொக்டரிடம் போக மாட்டேன் என்கிறார். நீ டெலிபோனில் கதைக்கும்போது சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி குப்புறப் புரண்டதை எழுதியிருந்த இடத்தை வாப்பா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். கடிதத்தின் கடைசியில், இடம் போதாமல் போனவன் போல ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்தாய்: அந்தப் போட்டியைப் பற்றி ஊரில் பெரிதாகச் சொல்ல வேண்டாம் உம்மா, நான் அதைச் சரியாகச் செய்யவில்லை, கடைசியில் நடந்துதான் வந்தேன் என்று. நீ பிந்திவிட்டாய் மகன். நான் கல்முனையில் வந்து இறங்கிய மறுநாளே சொல்லத் தொடங்கிவிட்டேன். அடுத்த வீட்டு மச்சி வந்து உட்கார்ந்ததும், என்ட மகன் கடலில் நீந்தி, மட்டக்களப்புக்குப் போய்த் திரும்புகிற தூரம் சைக்கிள் மிதித்து, அதோடு நிற்காமல் அக்கரைப்பற்று வரைக்கும் போகிற தூரம் ஓடினான், எல்லாம் ஒரே நாளில் என்றேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, பிறகு என்ன என்பது போல, "மறுகா? எத்தனையாம் ஆளா வந்தான்?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "கப் ஒண்டும் குடுக்கல்லயா?" ஒரு மெடல் கொடுத்தார்கள், முடித்த எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "எல்லாருக்கும் குடுக்கிறதுக்கு என்னத்துக்குகா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உன்னிடம் நானும் வேறு வார்த்தையில் அதையேதான் கேட்டேன்.

நீ அன்றைக்கு உன்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாக வாசி. பேத்தி தூங்கும் நேரத்தில் வாசி.

நான் அங்கே வந்தது உன் ஓட்டத்தைப் பார்க்க இல்லை. தலைப்பிள்ளைப் பேறு பெண்ணின் தாயோடுதான் நடக்க வேண்டும், அது எங்கள் பக்கத்து முறை. ஆனால் பர்ஸானாவின் உம்மா கிணற்றடியில் வழுக்கிக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். "மச்சி, என்ட புள்ளய நீங்கதான் பாக்கணும்" என்று என் கையைப் பிடித்து அழுதார். வாப்பா வர முடியாது, விதைப்புக் காலம், வயல் வட்டையை விட்டு அசைய மாட்டார். தனியாகப் பிளேனில் ஏறினேன். கொழும்புக்கே நாலைந்து தரம்தான் போனவள். நீ பேர்த் விமான நிலையத்தில் நின்றபோது முதலில் எனக்கு ஆள் பிடிபடவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, வெயிலில் கறுத்து நின்றாய். மருமகள் சமைத்துப் போடுவதில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். பர்ஸானாவிடம் சொல்லாதே. அல்லது சொல். இப்போது அவளும் நானும் அதையும் சொல்லிச் சிரிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

வந்த இரண்டாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் நீ வீட்டில் இல்லை. வாசலில் உன் செருப்பும் இல்லை. பர்ஸானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, "பயப்புடாதீங்க மாமி, அவர் கடலுக்குப் போயிருக்காரு, நீந்த" என்றாள். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீதிதான் என்றாலும், கடல் என்பது மீன்பிடிக்கிற ஆட்களுடைய இடம். அதுவும் அவர்கள் தோணியில் போகிறார்கள், இறங்கி நீந்துவதற்கு இல்லை. பெருநாளைக்குக் கரையில் நின்று காலை நனைப்போம், அவ்வளவுதான். நீ தலை நனைந்து வந்தபோது நான் ஏசினேன். பிள்ளைப்பேறு நெருங்கியிருக்கிற நேரத்தில் இது என்ன விளையாட்டு என்றேன். நீ கோபப்படவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்து, போட்டி இன்ன மாதிரி, ஒரு வருடமாக ஆயத்தம் செய்கிறேன், பிள்ளை கிடைப்பதற்கு முன்னமே முடிந்துவிடும் என்று விளக்கினாய். "ஆருக்காக மகன் இது?" என்று கேட்டேன். நீ "எனக்காக உம்மா" என்றாய். எங்கள் வீட்டில் படிப்பு குடும்பத்துக்காக, வட்டை வயிற்றுக்காக, கலியாணம் ஊருக்காக. தனக்காக என்று ஒன்றைச் செய்கிறேன் என வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீதான்.

ஓடுவதென்றால் எனக்குத் தெரிந்த ஓட்டம் வேறு. உனக்கும் அது தெரியும். நீ ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அந்தக் கெட்ட சண்டைக் காலத்தில், ஒரு பின்னேரம், "வாறாங்க, வாறாங்க" என்று வீதியில் யாரோ கத்தினார்கள். யார் வருகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு கொதித்தபடி கிடக்க, நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நீ உன் கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே ஓடினாய். வாப்பா வட்டையில் நின்றார். கடற்கரைப் பக்கம் ஊரே ஓடியது. கடைசியில் எவரும் வரவில்லை. வெறும் கதை. வீட்டுக்குத் திரும்பினால் சோறு கரியாகியிருந்தது. வாப்பா வாசலில் நின்றுகொண்டு எங்களைக் கண்டதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பஸ் ஓடாத மாதங்களில் நீ நிந்தவூருக்கு டியூஷனுக்குச் சைக்கிளில் போய் வந்தாய். நீ வந்து சேரும் வரைக்கும் நான் கேற்றடியில் நிற்பேன். அதனால், சும்மா இருக்கிற மனிதர்கள் ஒரு நாள் குறித்து, எல்லாரும் கூடி, துரத்துவதற்கு ஆளில்லாமல் ஓடுகிறார்கள் என்றால் எனக்கு எப்படி விளங்கும்?

அந்தக் காலையில் கடற்கரையில் ஆயிரம் பேராவது நின்றிருப்பார்கள். எல்லாருக்கும் கறுப்பு ரப்பர் உடுப்பு, எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. நீயும் அதற்குள் போனதோடு பெற்ற தாய்க்குப் பிள்ளையை அடையாளம் இல்லை. ஊதல் சத்தத்தோடு எல்லாரும் கடலில் விழுந்தார்கள். தண்ணீர் கொதித்த மாதிரி இருந்தது. நான் ஒரு தொப்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன். அது நீதான் என்று மனம் சொன்னது. அந்தத் தொப்பிக்காகத் தெரிந்த ஸலவாத்து எல்லாம் ஓதினேன். நான் ஓத ஓத அது நன்றாக முன்னேறிக்கொண்டு வந்தது. கரைக்கு வந்து தொப்பியைக் கழற்றினால், செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போனான். பர்ஸானா சிரித்துச் சிரித்து, "மாமி, வயிறு நோகுது, என்னச் சிரிக்க வைக்காதீங்க" என்றாள். அந்தப் பிள்ளை நன்றாக வென்றிருப்பான். எங்கள் துஆ வீண்போகாது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்கள் வந்து வந்து, வரவு குறைந்து, கடல் வெறுமையானது. சின்னப் படகுகளில் காவல் நின்றவர்கள் கரைப்பக்கம் திரும்பினார்கள். குறித்த நேரத்துக்குள் வராதவர்களைச் சைக்கிளில் ஏற விட மாட்டார்கள் என்று பர்ஸானா சொன்னாள். எனக்குச் சைக்கிளும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளை உயிரோடு வந்தால் காணும் என்று நின்றேன். தூரத்தில் நாலைந்து தொப்பிகள் தெரிந்தன. அதில் ஒன்று மற்றவர்களைப் போல நேராக வராமல், கொஞ்சம் நீந்தி, நின்று, தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்து, பிறகும் நீந்தி வந்தது. கரையைத் தேடி அப்படித் தலையைத் தூக்கியதில்தான் உன்னை அடையாளம் கண்டேன். சின்ன வயதில் வாய்க்காலில் குளிக்கும்போதும் நான் நிற்கிறேனா என்று இப்படித்தான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாய். நீ மணலில் இரண்டு தரம் விழுந்தெழும்பி எங்களைக் கடந்து போனாய். கண் சிவந்திருந்தது. "வாறன் உம்மா" என்றாய், டியூஷனுக்குப் போகிற பிள்ளை மாதிரி.

சைக்கிள் நேரம் எங்களுக்கு வெறும் காத்திருப்பு. பர்ஸானாவும் நானும் ஒரு மரத்து நிழலில் பாய் விரித்தோம். அவள் உன் நம்பர் எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு வீதியையே பார்த்திருந்தாள். படு என்றால் படுக்கவில்லை. "அவர் போகக்குள்ள நான் படுத்திருந்தா நல்லாரிக்காது மாமி" என்றாள். நீ ஒவ்வொரு தரம் எங்களுக்கு முன்னாலிருந்த வீதி வளைவில் வரும்போதும் எழும்பிக் கைகாட்டினாள். அந்த வயிற்றோடு தரையிலிருந்து எழும்புவது எப்படியென்று நீ ஒரு நாளும் அறியப் போவதில்லை. நீ குனிந்தபடி போனாய். ஒரு தரம் மட்டும் தலை நிமிர்ந்தாய்.

லுஹரை நான் அந்தப் புல்லிலேயே தொழுதேன். பெயர்த்துச் சொல்ல ஆள் இல்லாமலே விளங்கிக்கொண்டு, போட்டிக்கு உதவி செய்ய வந்திருந்த நரைத்த தலை வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, நான் தொழுது முடியும் வரைக்கும் அந்தப் பக்கம் ஆட்கள் நடக்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டாள். ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டிருந்தாள். அந்தப் பெண்ணோடுதான் பின்னால் எனக்குச் சண்டை வந்தது. நீ சைக்கிளை விட்டு இறங்கி ஓட்டம் தொடங்கி, முதல் சுற்றுக்கு எங்கள் முன்னால் வந்தபோது, நான் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழால் குனிந்தேன். தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, நோன்புக்கு வைக்கிற பக்குவத்தில் விடிய முன்னம் எழும்பி வைத்த கஞ்சி. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். ஏதோ சொன்னாள். நான் தமிழில், "இது என்ட மகன், இது கஞ்சி, நஞ்சில்ல" என்றேன். பர்ஸானா நடுவில் வந்து கேட்டுவிட்டு, "வெளியாக்கள் கையால ஒண்டும் குடுக்கக் கூடாதாம் மாமி. குடுத்தா அவர வெளிய எடுத்துப் போடுவாங்களாம். வாயால எவ்வளவும் குடுக்கலாமாம்" என்றாள். நீ அதற்குள் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டாய். கஞ்சியை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

இரண்டாம் சுற்றில் நீ சிரிக்கவில்லை. மூன்றாம் சுற்றில் நீ ஓடவும் இல்லை. ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு காலை இழுத்து நடந்தாய். உன் உதடு உப்புப் படிந்து வெளுத்திருந்தது. எங்கள் முன்னால் வந்ததும் வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாய். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீ. கையை நீட்டினால் உன் தலையைத் தொடலாம். வீதியைத் திரும்பவும் வாகனங்களுக்குத் திறக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு வேன் மெல்ல வந்து, ஏலாதவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரி உன்னிடம் குனிந்து எதையோ கேட்டாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

"உம்மா," என்றாய், "காணும் எண்டு சொல்லுங்க."

உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் நீ அதை மறந்தவன் போலத்தான் எழுதியிருக்கிறாய். போதும் என்கிற அந்தச் சொல் என் வாய்க்குள்ளேதான் இருந்தது மகன். காலையிலிருந்து அதை மென்றுகொண்டிருந்தேன். ஒரு சொல், நீ எழும்பி வந்து என் மடியில் படுத்திருப்பாய். பர்ஸானாவைப் பார்த்தேன். அவள் முக்காட்டு முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை நான் கண்டேன். நீ என்ன படிக்க வேண்டும் என்று நான் சொன்னேன், யாரைக் கலியாணம் முடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அதெல்லாம் அல்லாஹ்வின் உதவியால் நன்றாகவே நடந்தது. ஆனால் உனக்காகவென்று நீ சொன்ன ஒரு காரியத்தில் முடிவை நான் எடுத்துக் கொடுத்தால், அது உன்னுடையதாக இருக்காது என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது.

"நான் சொல்ல மாட்டன் மகன்," என்றேன். "ஒனக்குக் காணுமெண்டா எழும்பி இஞ்சால வா. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. காணாதெண்டா எழும்பி அங்கால போ. ரெண்டுக்கும் நீதான் எழும்பணும்."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். வேன் வந்து உன் பக்கத்தில் நின்றது. சாரதி கதவைத் திறந்தான். உள்ளே ஏற்கனவே இரண்டு பேர் போர்வை போர்த்தியபடி இருந்தார்கள். நீ கல்லில் கையை ஊன்றினாய். ஒரு தரம் எழும்பப் பார்த்து முடியாமல் திரும்பவும் உட்கார்ந்தாய். பிறகு முழங்காலைப் பிடித்து, கிழவன் போல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாய். கயிற்றையும் பார்க்கவில்லை, வேனையும் பார்க்கவில்லை. அங்கால கிறுகித் திரும்பி நடந்தாய். ஆரஞ்சுச் சட்டைக்காரி வேனின் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் எங்கேயோ ஒரு மகன் இருப்பான்.

நீ போனது ஓட்டம் இல்லை, நடைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடையை நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமாக, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, உன்னோடு கூடக் கூட நடந்து பார்த்தேன். வாயால் எவ்வளவும் கொடுக்கலாம் என்றார்களே. எனக்கு விளையாட்டுக்காரரை உற்சாகப்படுத்தத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். வேளாண்மைக் கதை, மாடு கன்று போட்ட கதை, அடுத்த வீட்டு மச்சிக்கும் மீன்காரனுக்கும் நடந்த வழக்கு, பர்ஸானா உம்மாவின் கால். நீ நடந்துகொண்டே இருந்தாய். ஒரு இடத்தில் மட்டும், "மீன்காரன் மறுகா என்ன சொன்னான்?" என்று கேட்டாய். அப்போதுதான் நீ முடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரிந்தது. கதை கேட்கிறவனுக்கு உயிர் இருக்கிறது.

வேலி ஒன்று குறுக்கே வந்து, அதற்கப்பால் என்னை விடவில்லை. நீ கடைசி வளைவைத் தனியாகத் தாண்டிப் போனதை வேலியோரம் நின்றே பார்த்தேன். முடிவிடத்தில் முன்னமே வந்து முடித்தவர்கள், குளித்து உடுப்பு மாற்றியவர்கள்கூட, போகாமல் நின்று கடைசியாக வருகிறவர்களுக்குக் கைதட்டினார்கள். முதலாவதாக வந்தவனுக்கும் அவ்வளவு சத்தம் கேட்கவில்லை. பின்னேரம், அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. வீதியைத் திறக்க ஆட்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். நீ கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. கோட்டைத் தாண்டி நின்று, சுற்றிப் பார்த்தாய். எங்களைத் தேடினாய்.

இதைத்தான் ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். சிலர் விளங்கிக்கொள்கிறார்கள், சிலர் கப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். நீ சைக்கிளை விற்கப் போகிறேன் என்று எழுதியிருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். விற்பதானால் வில். ஆனால் சரியாகச் செய்யவில்லை என்பதற்காக விற்காதே. நீ வாப்பாவாகிவிட்டாய். நாளைக்கு உன் மகளும் ஏதோ ஒரு வீதியோரத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்ப்பாள். அவள் கேட்கிற சொல்லைச் சொல்லாமல் இருக்க உனக்குப் பெலன் வேண்டும். அதற்கு, நீயே எழும்பிய நாளை நீ குறைத்து நினைக்கக் கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை ஊரில் எவருக்கும் சொல்லவில்லை, வாப்பாவுக்கு மட்டும் சொன்னேன். முடித்த பிறகு நீ புல்லில் இருந்தாய். சப்பாத்தைக் கழற்ற உனக்குக் குனிய முடியவில்லை. பர்ஸானாவுக்கும் வயிற்றோடு குனிய முடியாது. நான் உட்கார்ந்து கழற்றினேன். "வேணாம் உம்மா, நீங்க என்ட காலப் புடிக்கக் கூடா" என்று காலை இழுத்துக்கொண்டாய். "பொறந்த அண்டு கழுவின கால்தான்" என்றேன். விரல் நகம் இரண்டு கறுத்துப்போயிருந்தது, குதியில் தோல் கழன்றிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பர்ஸானாவைப் பார்த்தாய். அவள் செருப்புக்குள் கால் நுழையாமல், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து நின்ற கால், வீங்கிப் பளபளத்தது. "இரி" என்றாய். அவள் உட்கார்ந்ததும் அவளுடைய இரண்டு காலையும் தூக்கி உன் மடியில் வைத்து, அந்தச் சனத்துக்கு நடுவில், பிடித்துவிடத் தொடங்கினாய். "மாமி நிக்கிறாங்க" என்று அவள் காலை இழுத்தாள். நீ விடவில்லை. நான் பிளாஸ்கைக் கழுவுகிற சாட்டில் அங்கால போய்விட்டேன்.

வாப்பா தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இதைக் கேட்டார். பிறகு, "அவ்வளவு தூரம் போய் வந்தவன்," என்றார், "அதுக்கும் பெலன் மிச்சம் இருந்திச்சா அவனுக்கு?"

"ஓம்," என்றேன். "இருந்திச்சி."

உன் உம்மா